ஏழாம் பாடம்: எவ்வளவு தூரம்? எதுவரை? – ‘ஃபார்’ என்ற சொல்

மூங்கில்துறைப்பட்டு பஸ் நிறுத்தத்தில் காலை முதல் இரவு வரை இரண்டு கேள்விகள் காதில் விழுந்துகொண்டே இருக்கும். “திருவண்ணாமலை இன்னும் எவ்ளோ தூரங்க?” என்பது ஒன்று. “இந்த பஸ்ஸு எதுவரைக்கும் போவுது?” என்பது மற்றொன்று. முதல் கேள்வியில் ‘தூரம்’ இருக்கிறது, இரண்டாவதில் ‘வரை’ இருக்கிறது. ஆங்கிலம் பேசுகிறவர் இரண்டையும் ஒரே சொல்லை வைத்துக் கேட்டுவிடுவார். “ஹவ் ஃபார் இஸ் திருவண்ணாமலை?” “ஹவ் ஃபார் டஸ் திஸ் பஸ் கோ?”

பள்ளிக்கூடத்தில் நமக்கு ‘ஃபார்’ என்றால் தூரம் என்று மட்டும்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அகராதியும் அதையே முதலில் சொல்லும். அந்த ஒரு பொருளோடு நின்றுவிட்டவர்களுக்கு ‘ஸோ ஃபார்’, ‘ஆஸ் ஃபார் ஆஸ் ஐ நோ’ போன்ற தொடர்களெல்லாம் தனித்தனியாக நெட்டுருப் போட வேண்டியவையாகத் தெரியும். அப்படி நெட்டுருப் போட்டது பேசும்போது கைகொடுக்காது. ‘ஃபார்’ என்றதும் ‘தூரம்’ என்பதோடு ‘வரை’ என்பதையும் சேர்த்து நினைக்கப் பழகுங்கள். இந்தச் சொல்லின் பாதிப் பயன்பாடு தானாகவே பிடிபட்டுவிடும். இந்தப் பாடம் அதற்காகத்தான்.

முதலில் உச்சரிப்பு

மேல்பல் கீழுதட்டைத் தொட, காற்றை வெளியே விட்டு ‘ஃபா’ என்று நீட்டுங்கள். உதடு இரண்டும் ஒட்டினால் ‘பார்’ ஆகிவிடும். அது மதுக்கடையைக் குறிக்கும் வேறு சொல். நெடிலைக் குறுக்கி ‘ஃபர்’ என்றால் விலங்கின் மென்மயிர். ‘ஃபேர்’ என்றால் பஸ் கட்டணம். கண்டக்டரிடம் பேசும்போது இந்த மூன்றும் குழம்பினால் கேள்வியே மாறிப்போகும். பிரிட்டிஷார் பேச்சில் கடைசி ‘ர்’ பெரும்பாலும் கேட்காது, ‘ஃபா’ என்று நின்றுவிடும். அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் மட்டும் அந்த ‘ர்’ திரும்ப வரும். ‘ஃபார் அவே’ என்பது ‘ஃபாரவே’ என்று ஒன்றாகக் கேட்கும். அமெரிக்கர் பெரும்பாலும் ‘ர்’ சொல்வார்கள். நீங்கள் எதைச் சொன்னாலும் சரி. நெடிலை மட்டும் குறைக்காதீர்கள்.

தூரம் கேட்பது

“ஃப்ரம் ஹியர் டு சங்கராபுரம் ஹவ் ஃபார்?” என்று நம் ஊரில் பலர் கேட்கிறார்கள். “இங்கிருந்து சங்கராபுரம் எவ்வளவு தூரம்?” என்ற தமிழ் வாக்கியம் அப்படியே ஆங்கிலச் சொற்களைப் போர்த்திக்கொண்டு வந்தது இது. கேட்பவருக்குப் புரியும். ஆனால் ஆங்கிலத்தில் வினைச்சொல் இல்லாமல் வாக்கியம் நிற்காது. எழுவாய் இல்லாவிட்டாலும் நிற்காது. தூரத்துக்கு எழுவாய் எது? ‘இட்’ என்ற பொருளற்ற ஒரு சொல்லை அந்த இடத்தில் வைக்கிறார்கள். “ஹவ் ஃபார் இஸ் இட் ஃப்ரம் ஹியர் டு சங்கராபுரம்?” இந்த ‘இட்’ எதைக் குறிக்கிறது என்று தேட வேண்டாம். இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பதுதான் அதன் வேலை. சுருக்கமாக வேண்டுமானால் “ஹவ் ஃபார் இஸ் சங்கராபுரம்?” என்றாலே போதும். “வாட் இஸ் த டிஸ்டன்ஸ் பிட்வீன்…” என்று தொடங்குவது கணக்குப் புத்தக நடை. வழியில் நிற்கும் ஒருவரிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

மரியாதையாகக் கேட்க விரும்பினால் வரிசை மாறும். “குட் யூ டெல் மீ ஹவ் ஃபார் இட் இஸ் டு சங்கராபுரம்?” இங்கே ‘இஸ் இட்’ என்பது ‘இட் இஸ்’ என்று திரும்பிவிட்டதைக் கவனியுங்கள். கேள்விக்குள் ஒரு கேள்வி அடங்கியிருந்தால் உள்ளே இருப்பது சாதாரண வாக்கிய வரிசைக்கு வந்துவிடும். நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர்களும் சறுக்கும் இடம் இது.

‘ஹவ் ஃபார்’, ‘ஹவ் லாங்’ இரண்டையும் மாற்றிப் போடாதீர்கள். “ஹவ் ஃபார் இஸ் த பிரிட்ஜ்?” என்றால் பாலம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பொருள். “ஹவ் லாங் இஸ் த பிரிட்ஜ்?” என்றால் பாலத்தின் நீளம் எவ்வளவு என்று பொருள். போக எவ்வளவு நேரமாகும் என்று கேட்க “ஹவ் லாங் டஸ் இட் டேக்?” என்று தனியாக ஒன்று உண்டு.

பதில் சொல்வது

நான் பார்த்த பிழைகளில் மிக அதிகமானது பதிலில்தான் வருகிறது. “பத்து கிலோமீட்டர் தூரம்” என்று நாம் சொல்வோம். அதை அப்படியே “டென் கிலோமீட்டர்ஸ் ஃபார்” என்று மாற்றுகிறோம். ஆங்கிலத்தில் எண் வந்துவிட்டால் ‘ஃபார்’ வரவே கூடாது. அந்த இடத்தில் ‘அவே’ வர வேண்டும். “இட்ஸ் டென் கிலோமீட்டர்ஸ் அவே.” ‘ஃப்ரம் ஹியர்’ சேர்த்தும் சொல்லலாம்: “இட்ஸ் டென் கிலோமீட்டர்ஸ் ஃப்ரம் ஹியர்.” எண்ணும் ‘ஃபாரும்’ அடுத்தடுத்து நிற்காது என்ற இந்த ஒரு விதியை மட்டும் இன்றே பிடித்துக்கொண்டாலும் உங்கள் ஆங்கிலம் கேட்பவர் காதுக்கு மாறிவிடும். சாலையோரக் கிலோமீட்டர் கல்லில் இருக்கும் எண்ணைப் பார்த்து, ஒவ்வொரு கல்லிலும் “இட்ஸ் இத்தனை கிலோமீட்டர்ஸ் அவே” என்று பஸ்ஸில் போகும்போதே சொல்லிப் பழகலாம்.

எண் இல்லாமல் “ரொம்ப தூரம்” என்று சொல்ல வேண்டியிருக்கிறது. “இட்ஸ் ஃபார்” என்று நம் வாயில் உடனே வரும். ஆங்கிலத்தில் பிறந்து வளர்ந்தவர் இந்த இடத்தில் பெரும்பாலும் அப்படிச் சொல்வதில்லை. “இட்ஸ் எ லாங் வே” என்பார். தூரத்தைக் குறிக்கும்போது ‘ஃபார்’ கேள்வியிலும் எதிர்மறையிலும்தான் இயல்பாக நிற்கும். “இஸ் இட் ஃபார்?” சரி. “நோ, இட்ஸ் நாட் ஃபார்” மிகச் சரி. “யெஸ், இட்ஸ் ஃபார்” என்று மொட்டையாக நிறுத்துவது மட்டும் கொஞ்சம் ஒட்டாமல் இருக்கும். மைக்கேல் ஸ்வானின் ‘பிராக்டிகல் இங்கிலீஷ் யூஸேஜ்’ 1980இல் முதலில் வெளிவந்ததிலிருந்து உலகம் முழுதும் ஆங்கில ஆசிரியர்கள் கையில் இருக்கும் நூல். அதுவும் இந்த வேறுபாட்டைத் தனியாக எடுத்துச் சொல்கிறது.

உடன்பாட்டு வாக்கியத்தில் ‘ஃபார்’ வந்தே தீர வேண்டுமென்றால் அதற்கு ஒரு துணை கொடுங்கள். “இட்ஸ் டூ ஃபார் டு வாக்” (நடந்து போக முடியாத தூரம்). “இட்ஸ் குவைட் ஃபார்” (கொஞ்சம் தூரம்தான்). “வீ ஹேவ் வாக்ட் ஃபார் இனஃப்” (நடந்த வரை போதும்). ‘டூ’, ‘குவைட்’, ‘ஸோ’, ‘இனஃப்’ ஆகியவற்றில் ஒன்று பக்கத்தில் நின்றால் வாக்கியம் சரியாகிவிடும். ‘ஃபார் அவே’ என்ற இரட்டைச் சொல்லுக்கும் தடையில்லை. “மை சிஸ்டர் லிவ்ஸ் ஃபார் அவே.” அக்கா வெகுதொலைவில் இருக்கிறாள்.

‘ஃபார்’ என்பதற்குப் பின்னால் ‘ஃப்ரம்’ வரும். “ஃபார் ஃப்ரம் த மில்.” பக்கம் என்று சொல்லும் ‘நியர்’ என்பதற்குப் பின்னால் எதுவும் வேண்டாம். “நியர் த மில்.” மூங்கில்துறைப்பட்டில் வழி சொல்ல, கூட்டுறவு சர்க்கரை ஆலையைவிட நல்ல அடையாளம் கிடையாது. ஆகவே இந்த இரண்டு தொடர்களையும் அதை வைத்தே பழகுங்கள். “மை ஹவுஸ் இஸ் நியர் த ஷுகர் மில்.” “மை ஸ்கூல் இஸன்ட் ஃபார் ஃப்ரம் த ஷுகர் மில்.”

இலக்கணத்தைத் தாண்டி இங்கே ஒரு வார்த்தை. நம் பக்கத்தில் “கிட்டதாங்க, நடந்தே போவலாம்” என்று சொல்லும் தூரம் சில சமயம் மூன்று கிலோமீட்டர் இருக்கும். வயலுக்கும் ஆற்றுக்கும் தினமும் நடந்தவர்களுக்கு அது கிட்டம்தான். ரமணாசிரமத்துக்கு வந்துவிட்டு சாத்தனூர் அணையைப் பார்க்கக் கிளம்பிய ஒரு வெளிநாட்டு மூதாட்டியிடம் அந்த அளவில் “நாட் ஃபார்” என்று சொல்லிவிட்டால், உச்சி வெயிலில் அவர் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவார். ‘நாட் ஃபார்’ என்று சொன்ன கையோடு நேரத்தையும் சொல்லிவிடுங்கள். “நாட் ஃபார், அபௌட் டென் மினிட்ஸ் ஆன் ஃபுட்.” நேரத்தில் தூரம் சொல்வது நமக்கும் ஆங்கிலேயருக்கும் பொதுவான வழக்கம். “இட்ஸ் அபௌட் அன் அவர் அவே பை பஸ்.” கிலோமீட்டரில் சொன்னால் அமெரிக்கரும் பிரிட்டிஷாரும் மனதுக்குள் மைலாக மாற்ற வேண்டியிருக்கும், ஏனென்றால் அவர்கள் ஊர்ச் சாலைப் பலகைகள் மைலில்தான் இருக்கின்றன. ஒரு மைல் ஏறத்தாழ 1.6 கிலோமீட்டர். திருவண்ணாமலையில் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர் என்றால் அவருக்கு அது ஒன்பது மைலுக்குச் சற்றுக் குறைவு. இதைச் சொல்லத் தெரிந்த ஆட்டோக்காரரை அவர் மறுநாளும் தேடி வருவார்.

ஒரு சிறு உரையாடல். டீக்கடையில் நிற்கிறார் ஒரு விருந்தினர்.

“எக்ஸ்க்யூஸ் மீ, இஸ் த ரிவர் ஃபார் ஃப்ரம் ஹியர்?”

“நோ சார், நாட் ஃபார். ஜஸ்ட் எ ஷார்ட் வாக்.”

“அண்ட் ஹவ் ஃபார் இஸ் வெள்ளிமலை?”

“ஓ, தட்ஸ் எ லாங் வே. இட்ஸ் அப் இன் த ஹில்ஸ். டூ ஃபார் டு கோ டுடே.”

நான்கே வரிகளில் இதுவரை பார்த்ததெல்லாம் இருக்கிறது. வீட்டில் இரண்டு பேராக இதைப் பேசிப் பாருங்கள்.

அக்கரை

‘ஃபார்’ சில இடங்களில் பெயருக்கு முன்னால் நின்று, இரண்டில் தள்ளி இருப்பதைக் குறிக்கும். நமக்கு இது புதிதில்லை. ‘அந்த’, ‘இந்த’ என்று சேய்மையையும் அண்மையையும் பிரிக்கும் பழக்கம் தமிழிலேயே ஊறியது. தென்பெண்ணைக்கு இந்தப் பக்கம் நிற்கிறீர்கள். வாழவச்சனூர் வேளாண்மைக் கல்லூரி ஆற்றுக்கு அந்தப் பக்கம், திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. “த காலேஜ் இஸ் ஆன் த ஃபார் சைட் ஆஃப் த ரிவர்.” ‘ஃபார் சைட்’ என்றால் அக்கரை. அது எத்தனை தூரம் என்ற கணக்கே இங்கு இல்லை. ஆறு ஐம்பது அடி அகலம் இருந்தாலும் எதிர்க்கரை ‘ஃபார் சைட்’தான். தெருவின் கடைக்கோடி ‘த ஃபார் எண்ட் ஆஃப் த ஸ்ட்ரீட்’. ஹால் டிக்கெட்டோடு தேர்வு மையத்துக்குப் போகும் மாணவருக்கு “யுவர் ரூம் இஸ் அட் த ஃபார் எண்ட்” என்று ஒருவர் சொன்னால், வராந்தாவின் கடைசி அறை என்று பொருள்.

‘வரை’ என்று நினையுங்கள்

இப்போது பாடத்தின் நடுப்பகுதிக்கு வருகிறோம். நிதானமாகப் படியுங்கள்.

பஸ் சங்கராபுரத்தோடு நின்றுவிடும். கள்ளக்குறிச்சிக்குப் போகாது. கண்டக்டர் “சங்கராபுரம் வரைக்குந்தான் போவும்” என்கிறார். ஆங்கிலத்தில், “திஸ் பஸ் கோஸ் ஒன்லி ஆஸ் ஃபார் ஆஸ் சங்கராபுரம்.” ‘அப் டு சங்கராபுரம்’, ‘டில் சங்கராபுரம்’ என்று இந்தியாவெங்கும் சொல்கிறோம். உள்நாட்டில் அதனால் ஒரு குறையும் இல்லை. ஆனால் ‘டில்’, ‘அன்டில்’ இரண்டும் ஆங்கிலேயர் வாயில் நேரத்துக்கு உரியவை. தமிழில் “பாலம் வரை”, “ஐந்து மணி வரை” இரண்டுக்கும் ஒரே ‘வரை’. ஆங்கிலத்தில் இடம் என்றால் ‘ஆஸ் ஃபார் ஆஸ் த பிரிட்ஜ்’, நேரம் என்றால் ‘அன்டில் ஃபைவ் ஓ கிளாக்’. நம்மிடம் ஒன்றாக இருப்பது அங்கே இரண்டாகப் பிரிவதால்தான் இந்த இடத்தில் தடுமாற்றம் வருகிறது. வாக்கியத்தைச் சொல்லும் முன் மனதில் ஒரு கேள்வி: இடமா, நேரமா?

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட வெள்ளம் தென்பெண்ணைக் கரை ஊர்களை எப்படி உலுக்கியது என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த நாட்களில் கரையோரத்தில் எல்லோரும் கேட்ட கேள்வி, “தண்ணி எதுவரைக்கும் வந்துது?” அதை ஒரு நிருபரோ உதவிக்கு வந்த வெளிநாட்டுத் தொண்டரோ ஆங்கிலத்தில் இப்படிக் கேட்டிருப்பார்: “ஹவ் ஃபார் டிட் த வாட்டர் கம்?” பதில்: “இட் கேம் ஆஸ் ஃபார் ஆஸ் தட் டெம்பிள்.” அந்தக் கோயில் வரை வந்தது. இந்த வாக்கியத்தில் ‘தூரம்’ என்று மொழிபெயர்த்துப் பாருங்கள், சரிப்படாது. ‘வரை’ என்று வைத்தால் உட்கார்ந்துவிடுகிறது.

இதே சொல்லை இடத்திலிருந்து பிரித்து அறிவுக்கும் கருத்துக்கும் கொண்டுபோகிறார்கள். நாமும் அப்படியே செய்கிறோம் என்பதுதான் எனக்கு வியப்பு. “எனக்குத் தெரிஞ்ச வரைக்கும்” – “ஆஸ் ஃபார் ஆஸ் ஐ நோ.” “என்னைப் பொறுத்த வரை” – “ஆஸ் ஃபார் ஆஸ் ஐ’ம் கன்சர்ன்ட்.” “முடிந்த வரை” – “ஆஸ் ஃபார் ஆஸ் பாஸிபிள்.” “கண்ணுக்கு எட்டிய வரை கரும்பு” – “ஷுகர்கேன் ஆஸ் ஃபார் ஆஸ் த ஐ கேன் சீ.” தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள். ஆனாலும் தெரிந்ததற்கும் எட்டியதற்கும் எல்லை குறிக்க இரண்டும் நடக்கும் தூரத்தின் சொல்லையே எடுத்துக்கொண்டிருக்கின்றன. இந்த ஒற்றுமையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்தத் தொடர்களை இனி நெட்டுருப் போடவே வேண்டாம்.

அலுவலகத்தில் இது அன்றாடம் தேவைப்படும். விவசாயி ஒருவர் கரும்புப் பணம் எப்போது வரும் என்று கேட்கிறார், உங்களுக்கு உறுதியாகத் தெரியாது. “ஆஸ் ஃபார் ஆஸ் ஐ நோ, இட் வில் கம் திஸ் மன்த்” என்றால், நான் அறிந்த அளவில் என்ற எச்சரிக்கையும் அதற்குள்ளேயே இருக்கிறது. நேர்முகத் தேர்வில் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோலச் சொல்வதைவிட, இந்த ஐந்து சொற்களை முன்னால் வைத்துவிட்டுப் பேசுவது நேர்மையான வழி.

காலத்தில் பின்னோக்கிப் போகவும் இதையே பயன்படுத்தலாம். சாத்தனூர் அணை 1958இல் கட்டி முடிக்கப்பட்டது. “த டேம் வாஸ் பில்ட் ஆஸ் ஃபார் பேக் ஆஸ் 1958.” அவ்வளவு காலத்துக்கு முன்பே என்ற அழுத்தம் இதில் இருக்கிறது. வெறுமனே ‘இன் 1958’ என்றால் தகவல் மட்டும்தான்.

“எதுவரை படிச்சிருக்கே?” என்று ஆசிரியர் கேட்பதும் ‘ஃபார்’தான்: “ஹவ் ஃபார் ஹேவ் யூ காட் இன் த புக்?” தேர்வுத் தாளில் “ஹவ் ஃபார் டு யூ அக்ரீ?” என்று வந்தால் எந்த அளவுக்கு உடன்படுகிறாய் என்று பொருள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளிடம் இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்தக் கேள்விக்கு ‘ஆம், உடன்படுகிறேன்’ என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. எதுவரை உடன்படுகிறாய், எங்கே நிற்கிறாய், ஏன் என்று எல்லை காட்ட வேண்டும். கேள்வியின் முதல் இரண்டு சொல்லிலேயே விடையின் வடிவம் இருக்கிறது.

ஸோ ஃபார்

‘இதுவரை’ என்பதற்கு ‘ஸோ ஃபார்’. “கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இதுவரை என்ன பார்த்தீங்க?” – “வாட் ஹேவ் யூ ஸீன் ஸோ ஃபார்?” இதனுடன் ‘ஹேவ்’, ‘ஹேஸ்’ சேர்ந்த வினை வருவதுதான் வழக்கம், ஏனென்றால் காரியம் இன்னும் முடியவில்லை. “ஐ ஹேவ் ஸீன் கோமுகி டேம் ஸோ ஃபார்” என்று ஒருவர் சொன்னால் இன்னும் பார்க்கப் போகிறார் என்று தெரிகிறது. மேகம் அருவியும் பெரியார் அருவியும் பாக்கி இருக்கின்றன.

இதே இரண்டு சொல்லுக்கு ‘இவ்வளவு தூரம்’ என்ற நேர்ப்பொருளும் உண்டு. “வொய் டிட் யூ கம் ஸோ ஃபார்?” – “ஏன் இவ்ளோ தூரம் வந்தீங்க?” எதைக் குறிக்கிறது என்பதைப் பக்கத்தில் இருக்கும் வினை காட்டிக்கொடுக்கும். போவது, வருவது, நடப்பது என்று கால்வினை இருந்தால் பெரும்பாலும் தூரம். பார்த்தது, முடித்தது, படித்தது என்றால் பெரும்பாலும் ‘இதுவரை’.

எவ்வளவோ மேல்

ஒப்பிடும்போது வரும் ‘ஃபார்’ வேறு விதம். இதற்குத் ‘தூரம்’, ‘வரை’ இரண்டும் பொருந்தாது. ‘எவ்வளவோ’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். “வெள்ளிமலை கள்ளக்குறிச்சியைவிட எவ்வளவோ குளிர்ச்சி.” – “வெள்ளிமலை இஸ் ஃபார் கூலர் தேன் கள்ளக்குறிச்சி.” ‘கூலர்’, ‘பெட்டர்’, ‘மோர் எக்ஸ்பென்ஸிவ்’ என்று ஒப்பீட்டு வடிவம் இருந்தால்தான் முன்னால் ‘ஃபார்’ நிற்கும். ‘ஃபார் கூல்’, ‘ஃபார் குட்’ என்று சொல்ல முடியாது. அங்கே ‘வெரி’ போதும். ‘வெரி பெட்டர்’ என்றும் சொல்லக் கூடாது. இந்த இரண்டாவது பிழை நம்மிடம் மிகுதி. அதைத் திருத்த ‘ஃபார் பெட்டர்’ அல்லது ‘மச் பெட்டர்’.

எல்லாவற்றிலும் மேலானது என்று சொல்ல ‘பை ஃபார்’. “இட்ஸ் பை ஃபார் த பெஸ்ட் வாட்டர்ஃபால் இன் த ஹில்ஸ்.” அளவுக்கு அதிகம் என்று குறை சொல்ல ‘ஃபார் டூ’. அரவைக் காலத்தில் ஆலை வாசலில் கரும்பு ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் வரிசை கட்டும்போது, “தேர் ஆர் ஃபார் டூ மெனி லாரிஸ் டுடே” என்று சொல்லலாம். பேச்சுவார்த்தை சண்டையாகிவிடும்போலிருந்தால் “தட்ஸ் கோயிங் டூ ஃபார்.” எல்லை மீறிப் போகிறது என்று அமைதியான குரலில் சொன்னாலே அதற்கு எடை இருக்கும்.

‘ஃபார் ஃப்ரம்’ என்பது இடத்துக்குப் பதிலாக ஒரு நிலையோடு சேர்ந்தால் வலுவான மறுப்பாகிறது. “த வொர்க் இஸ் ஃபார் ஃப்ரம் ஓவர்.” வேலை முடிந்தபாடில்லை. “இட் வாஸ் ஃபார் ஃப்ரம் ஈஸி.” சுலபமே இல்லை. இதைக் கேட்டு ‘வேலை எங்கோ தூரத்தில் நடக்கிறது’ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘ஃபார் ஃப்ரம்’ என்பதற்குப் பின்னால் ஊர்ப்பெயரோ இடப்பெயரோ இல்லாவிட்டால், ‘இல்லவே இல்லை’ என்ற பொருளைத் தேடுங்கள்.

ஒரு பெண் நன்றாகப் படிக்கிறாள், “ஷீ வில் கோ ஃபார்” என்று அவளுடைய ஆசிரியை பெற்றோரிடம் சொல்கிறார். மகளை வெளியூருக்கு அனுப்பச் சொல்கிறார் என்று பதற வேண்டியதில்லை. பெரிய நிலைக்கு வருவாள் என்று வாழ்த்துகிறார். கண் மருத்துவரிடம் ‘ஃபார்-சைட்டட்’ என்ற சொல் வந்தால் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும் தூரப்பார்வை. அது அமெரிக்க வழக்கு. பிரிட்டிஷ் வழக்கில் அதற்கு ‘லாங்-சைட்டட்’. மேடையில் ஒரு தலைவரை ‘ஃபார்-சைட்டட்’ என்றால் தொலைநோக்கு உள்ளவர்.

ஃபார்தர், ஃபர்தர்

‘இன்னும் தூரம்’ என்பதற்கு ‘மோர் ஃபார்’ கிடையாது. ‘ஃபார்தர்’, ‘ஃபர்தர்’ என்று இரண்டு வடிவங்கள் இருக்கின்றன. நேர்த்தூரத்துக்கு ‘ஃபார்தர்’, மற்றதற்கு ‘ஃபர்தர்’ என்று பிரித்துச் சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. அமெரிக்காவில் அந்தப் பிரிவைப் பலர் மதிக்கிறார்கள். இங்கிலாந்தில் ‘ஃபர்தர்’ என்பதையே இரண்டுக்கும் சொல்கிறார்கள். எச். டபிள்யூ. ஃபௌலர் 1926இல் எழுதிய புகழ்பெற்ற வழக்கு நூலிலேயே, பெரும்பாலோர் இரண்டையும் பிரித்துப் பயன்படுத்துவதில்லை, ‘ஃபர்தர்’ பக்கமே சாய்கிறார்கள் என்று குறித்துவிட்டார். வரலாற்றிலும் ‘ஃபர்தர்’தான் மூத்தது. ‘ஃபார்’ என்பதோடு பொருந்த வேண்டும் என்பதுபோலப் பின்னால் வந்தது ‘ஃபார்தர்’.

என் யோசனை: ஐயம் வந்தால் ‘ஃபர்தர்’ என்றே சொல்லுங்கள், எழுதுங்கள். தூரத்துக்கு அது தவறாகாது. ஆனால் ‘மேற்கொண்டு’, ‘கூடுதல்’ என்ற பொருளில் ‘ஃபார்தர்’ ஒட்டாது. “ஃபார் ஃபர்தர் டீட்டெய்ல்ஸ்” என்று அறிவிப்புகளின் அடியில் பார்ப்பீர்கள். அதில் முதலில் வருவது நம் சொல் இல்லை. ‘க்காக’ என்று பொருள்படும் வேறு சொல், ஓசையும் குட்டையானது. விண்ணப்பப் படிவத்தில் ‘ஃபர்தர் ஸ்டடீஸ்’ என்றால் மேற்படிப்பு. பஸ்ஸில் உள்ளே நகரச் சொல்ல “ப்ளீஸ் மூவ் எ லிட்டில் ஃபர்தர் இன்.”

பயிற்சி

கீழே உள்ளவற்றை முதலில் தமிழிலேயே உரக்கச் சொல்லுங்கள். ‘தூரம்’, ‘வரை’, ‘எவ்வளவோ’ ஆகியவற்றில் எது பொருந்தும், அல்லது மறுப்பா என்று பாருங்கள். பிறகு ஆங்கிலத்துக்குப் போங்கள். விடையைக் கையால் மூடிக்கொள்வது நல்லது.

“கோயில் இங்கேருந்து ரெண்டு கிலோமீட்டர் தூரம்.” எண் வந்துவிட்டது, ஆகவே ‘ஃபார்’ வராது: “த டெம்பிள் இஸ் டூ கிலோமீட்டர்ஸ் ஃப்ரம் ஹியர்.”

“பாலம் வரைக்கும் நடந்து போனோம்.” இடம்: “வீ வாக்ட் ஆஸ் ஃபார் ஆஸ் த பிரிட்ஜ்.”

“ராத்திரி எட்டு மணி வரை கடை திறந்திருக்கும்.” நேரம்: “த ஷாப் இஸ் ஓப்பன் அன்டில் எய்ட்.”

“இதுவரைக்கும் மூணு லோடு வந்திருக்கு.” – “த்ரீ லோட்ஸ் ஹேவ் கம் ஸோ ஃபார்.”

“புது ரோடு பழசைவிட எவ்வளவோ தேவலை.” – “த நியூ ரோட் இஸ் ஃபார் பெட்டர் தேன் த ஓல்ட் ஒன்.”

“அரவை இப்போதைக்கு முடியறாப்ல இல்ல.” – “த க்ரஷிங் ஸீசன் இஸ் ஃபார் ஃப்ரம் ஓவர்.”

“எங்க ஊரு ஆத்துக்கு அக்கரையில இருக்கு.” – “அவர் வில்லேஜ் இஸ் ஆன் த ஃபார் சைட் ஆஃப் த ரிவர்.”

கடைசியாக, நேர்முகத் தேர்வில் நம் பிள்ளைகளுக்கு நிச்சயம் வரக்கூடிய கேள்வி: “வேர் இஸ் மூங்கில்துறைப்பட்டு? இஸ் இட் ஃபார் ஃப்ரம் ஹியர்?” ஊர்ப்பெயரைச் சுருக்காமல் முழுதாகச் சொல்லுங்கள். “இட்ஸ் இன் கள்ளக்குறிச்சி டிஸ்ட்ரிக்ட், ஆன் த தென்பெண்ணை ரிவர், அபௌட் அன் அவர் பை பஸ் ஃப்ரம் திருவண்ணாமலை.” தேர்வு சென்னையில் என்றால் தொடர்ந்து “யெஸ், இட்ஸ் எ லாங் வே ஃப்ரம் ஹியர்.” தேர்வு திருவண்ணாமலையிலேயே என்றால் “நோ, இட்ஸ் நாட் ஃபார்.” கேட்பவர் 2019க்கு முந்தைய வரைபடத்தை நினைவில் வைத்துக்கொண்டு விழுப்புரம் மாவட்டம்தானே என்று திரும்பக் கேட்கலாம். அதற்கு: “இட் வாஸ், அன்டில் 2019.” இங்கே ‘அன்டில்’ வந்தது ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.